கைமாறிய குடுவை

ஜாக்கி சானும் ஜெட் லீயும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? குங்ஃபூ படம் பார்த்து வளர்ந்த பையன்கள் பல வருஷம் போட்ட சண்டை இது. இரண்டு பேரையும் ஒரே படத்தில் நிறுத்த 2008 வரை ஆனது. அந்த ஏப்ரலில் 'தி ஃபர்பிடன் கிங்டம்' அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தபோது ஜாக்கிக்கு வயது 54. ஜெட் லீக்கு 45 நிறையப்போகிறது. அதே மாதம்தான் சென்னையில் 'தசாவதாரம்' பாடல் வெளியீட்டு விழா மேடையில் ஜாக்கி வந்து நின்றார்.

கதை அம்புலிமாமா ரகம். குங்ஃபூ படப் பைத்தியமான பாஸ்டன் நகரத்துப் பையன் ஜேசன் கையில், சைனா டவுன் அடகுக்கடையில் கிடந்த ஒரு தடி வந்து சேர்கிறது. தடி அவனைப் பழைய சீனாவுக்குள் தள்ளிவிடுகிறது. கல்லாகிக் கிடக்கும் குரங்கு அரசனிடம் அதைச் சேர்க்க வேண்டும். இந்தக் குரங்கு அரசன் சுன் வுகோங், 16-ஆம் நூற்றாண்டுச் சீன நாவலான 'மேற்கு நோக்கிய பயண'த்தின் நாயகன். பையனின் குடும்பப் பெயர் டிரிபிடிகாஸ். நாவலில் வரும் துறவியின் பட்டப் பெயர் திரிபிடகர். 'லயன் கிங்' இயக்குநர்களில் ஒருவரான ராப் மின்காஃப் எடுத்த படம் என்பதால், சீன இதிகாசத்துக்கு நடுவில் இப்படி ஓர் அமெரிக்கப் பையன். அவனைக் காட்டும் நேரத்தில் பாதியை அந்த இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கலாம்.

கொடுத்த இடம் ஒன்று உண்டு. பாழடைந்த கோயிலுக்குள் தடிக்காக இருவரும் மோதும் காட்சி. எட்டு வயதுக்கு முன்பே ஹாங்காங்கில் பீகிங் ஓபரா பள்ளியில் சேர்ந்து, பத்து வருஷம் அடிவாங்கிக் கற்றவர் ஜாக்கி. விழுவதும், தடுமாறுவதும், வலியைக் காட்டிச் சிரிக்க வைப்பதும் அந்தப் பள்ளி தந்தவை. ஜெட் லீ பெய்ஜிங்கின் வூஷு அணியில் வளர்ந்த தேசிய சாம்பியன். 1974-லேயே வெள்ளை மாளிகையில் நிக்சன் முன்னால் ஆடிக் காட்டிய சிறுவன். அவர் கை நீண்டால் கோடு போட்ட மாதிரி நிற்கும். இவர் நெளிய, அவர் வெட்ட, தூசி பறக்கிறது. ஒருவரும் தோற்கவில்லை. தோற்கடிக்க எந்தத் தயாரிப்பாளருக்குத் தைரியம் வரும்?

சண்டையை அமைத்தவர் யுவென் வூ-பிங். 'மேட்ரிக்ஸ்' சண்டைகளால் உலகம் அறிந்தவர். ஆனால் சங்கதி அதற்கும் முந்தியது. 1978-ல் ஜாக்கியை வைத்து 'டிரங்கன் மாஸ்டர்' எடுத்தவர் அவர்தான். அதில் குடித்துவிட்டுத் தள்ளாடியபடியே வித்தை சொல்லித்தரும் கிழட்டுக் குருவாக நடித்தவர், இயக்குநரின் சொந்த அப்பா யுவென் சியு-டியென். மாணவனாக வந்த ஜாக்கியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, சின்னக் கிண்ணத்தால் வாளித் தண்ணீரை மொண்டு மொண்டு மாற்றச் சொல்லுவார். அந்த மாணவன் பாத்திரத்தின் பெயர் வோங் ஃபெய்-ஹுங். நிஜத்தில் வாழ்ந்த வைத்தியர், வீரர். அதே வோங் ஃபெய்-ஹுங்காக 1991-ல் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் சைனா'வில் நின்றவர் ஜெட் லீ. ஆக, கோயிலுக்குள் மோதிக்கொண்டது ஒரே ஆளின் இரண்டு அவதாரங்கள் என்றும் சொல்லலாம்.

'டிரங்கன் மாஸ்டர்' வந்து சரியாக 30 வருஷம் கழித்து, ஜாக்கி 'தி ஃபர்பிடன் கிங்டம்' படத்தில் குடிகார குரு லூ யான். மதுக்குடுவை இப்போது அவர் இடுப்பில். எதிரே, உதைபடத் தயாராக ஒரு பையன். மௌனத் துறவியாக வரும் ஜெட் லீ ஒரு பக்கம் இழுக்க, லூ யான் மறுபக்கம் இழுக்க, இரண்டு வாத்தியார்களுக்கு நடுவில் அவன் கை கால் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே! படம் சுமார் 5.5 கோடி டாலரில் எடுக்கப்பட்டு 12 கோடிக்கு மேல் வசூலித்தது. எனக்கு அந்தக் கணக்கெல்லாம் மறந்துபோகும். பையன் வலியில் முனகும்போது ஜாக்கியின் முகத்தில் ஓடும் சிரிப்பு மறக்காது. அது நடிப்பா, 1978-க்கான பழிவாங்கலா, தெரியவில்லை.