ஊரே கையெழுத்துப் போட்ட டாக்டர்!

துபாயில் ஒருத்தனுக்கு வயிற்று வலி வந்தால், முதல் சந்தேகம் ரூம்மேட்டின் சமையல் மேல்தான். 2019-ல் எனக்கு வந்தபோதும் அப்படித்தான். "எல்லாம் உன் புளிக்குழம்பு பண்ற வேலைடா" என்று இரவு பத்து மணிக்கு அவனைத் திட்டிக்கொண்டிருந்த நான், பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். குழம்பு நிரபராதி. அப்பெண்டிஸைட்டிஸ்!

ஆபரேஷன் முடிந்து மறுநாள் கண் விழித்தால், தலைமாட்டில் ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ். பிரஷர் பார்த்தார், டிரிப்ஸைச் சரி செய்தார், பிறகு உலகத்திலேயே சங்கடமான கேள்வியைச் சிரிக்காமல் கேட்டார்.

"காத்து பிரிஞ்சுதா ஸார்?"

"இல்லை ஸிஸ்டர்."

"பிரிஞ்சாத்தான் சாப்பாடு."

கேள்வி கேட்டது சுத்தமான இங்கிலீஷில்தான். ஆனாலும் வெட்கம் தமிழில்தான் வந்தது. பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டு வைத்தேன். "எங்கே பார்த்தாலும் உங்க ஊர் நர்ஸ்தான் இருக்காங்க. உங்க ஊர்ல எல்லாருமே நர்ஸா?"

"எங்க ஊர்லதான் ஸார் நர்ஸே இல்லை. எல்லாரும் இங்கேதானே இருக்கோம்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சிரித்தால் தையல் வலிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அடுத்த இரண்டு நாளில் அவரே சொன்னார்.

அவர் சொந்த ஊர் ஸமார் தீவில் ஒரு கிராமம். அவரை நர்ஸிங் படிக்க வைக்க அப்பா இரண்டு எருமைகளை விற்றார். எருமைக் காசைத் திருப்பி எடுக்க வேண்டுமே! படித்தார், பாஸ் செய்தார், ப்ளேன் ஏறினார். அதே கிராமத்தில் அவருடைய பெரியப்பா மகளும் நர்ஸ் ஆனாள். ஆனால், அவள் எங்கேயும் போகவில்லை. அங்கேயே இருந்து, பிறகு டாக்டரும் ஆகிவிட்டாள்!

"என்னைப் படிக்க வைக்க அப்பா எருமை வித்தார் ஸார். அவளைப் படிக்க வைக்க ஊர் கையெழுத்துப் போட்டுச்சு. அதுதான் வித்தியாசம்."

அது என்ன கையெழுத்து?

* * *

டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு இதைத் தேடித் தேடிப் படித்தேன். டெபிட், கிரெடிட் தவிர நான் இவ்வளவு ஆர்வமாகப் படித்த விஷயம் வேறு இல்லை.

பிலிப்பைன்ஸில் ஒரு விநோதம். மருத்துவப் படிப்பு இங்கிலீஷில். படித்தவருக்கு வேலை அமெரிக்காவில். 2004-ல் டாக்டர்களுக்கான தேசியத் தேர்வில் முதலிடம் வந்த இளைஞர் என்ன அறிவித்தார் தெரியுமா? அமெரிக்காவுக்கு நர்ஸாகப் போகிறேன் என்று! டாக்டர்களே சாயந்திர வகுப்பில் சேர்ந்து நர்ஸிங் படித்த காலம் அது. நம்மூரில் எஞ்சினீயர் பேங்க் கிளார்க் பரீட்சை எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு இது ஓரளவு புரியும்.

இந்த வியாதி 2004-ல் திடீரென்று வந்ததல்ல. எழுபதுகளிலேயே முற்றியிருந்தது. தலைநகர் மணிலாவில் இருக்கும் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் அரசாங்கப் பணத்தில் முதல் தரமான டாக்டர்களைத் தயாரித்தது. அவர்களில் ஏகப்பட்ட பேர் கடல் தாண்டினார்கள். மிச்சம் இருந்தவர்கள் மணிலாவைத் தாண்டவில்லை. தீவுகளில் இருந்த கிராமத்து ஜனங்கள் மருத்துவச்சியையும் மாதாவையும் நம்பிக் கிடந்தார்கள்.

இதற்கு எல்லா அரசாங்கங்களுக்கும் தெரிந்த மருந்து ஒன்று உண்டு. பாண்டு எழுதி வாங்குவது. 'கிராமத்தில் இத்தனை வருஷம் வேலை பார்ப்பேன், தவறினால் இவ்வளவு பணம் கட்டுவேன்' என்று. பணம் உள்ளவன் கட்டிவிட்டுப் போய்விடுவான். இல்லாதவன் காலண்டரில் தேதி கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனிடம் மருந்து வாங்கும் நோயாளி பாவம்!

பல்கலைக்கழகம் வேறு மாதிரி யோசித்தது. கிராமத்துக்கு டாக்டரை அனுப்புவது எப்படி என்ற கேள்வியைத் தூக்கிப் போட்டது. கிராமத்து ஆளையே டாக்டர் ஆக்குவது எப்படி என்று கேட்டது. 1976-ல் மணிலாவை விட்டு, லெய்ட்டே தீவில் ஒரு பள்ளியைத் தொடங்கியது. பெயர், சுகாதார அறிவியல் பள்ளி.

* * *

சாதாரணமாக மிட்வைஃப் படிப்புக்கு ஒரு வாசல், நர்ஸிங்குக்கு ஒரு வாசல், எம்.பி.பி.எஸ்ஸுக்கு ஒரு வாசல். ஒன்றில் நுழைந்தவர் இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால், வெளியே வந்து மறுபடி கியூவில் நிற்க வேண்டும். லெய்ட்டேயில் அந்தச் சுவர்களை இடித்துவிட்டு, ஏணி ஒன்றைச் சாத்தி வைத்தார்கள்.

முதல் படி மிட்வைஃப், ஏறத்தாழ இரண்டு வருஷம். அடுத்து நர்ஸ். அதற்கு மேல் சமூக சுகாதாரத்தில் ஒரு பட்டம். உச்சிப் படியில் டாக்டர். மிட்வைஃப், நர்ஸ், டாக்டர் ஒவ்வொருவருக்கும் நாடு முழுக்க நடக்கும் அதே லைசென்ஸ் பரீட்சைதான். கிராமத்து டாக்டர் என்பதற்காக பாஸ் மார்க்கில் தள்ளுபடி கிடையாது.

ஏணியில் ஏறுவது யார்? இங்கேதான் அந்தக் கையெழுத்து வருகிறது. பிலிப்பைன்ஸில் கிராமத்துக்குப் 'பரங்காய்' என்று பெயர். (பரங்கிக்காய் இல்லை!) எங்களுக்கு மிட்வைஃப் இல்லை, இந்தப் பெண்ணை அனுப்புகிறோம் என்று பரங்காய்தான் ஆளைச் சிபாரிசு செய்ய வேண்டும். படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வருவேன் என்று அந்தப் பெண்ணும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு படி முடிந்ததும் நேராக அடுத்த படிக்குத் தாவ முடியாது. ஊருக்குப் போய் வேலை பார்க்க வேண்டும். பிரசவம் பார்த்து, தடுப்பூசி போட்டு, கக்கூஸ் கட்டச் சொல்லி வீடு வீடாக மன்றாடி... அதைப் பார்த்து ஊர் மறுபடி ஆதரவு தந்தால்தான் அடுத்த வகுப்பில் இடம்.

யோசித்துப் பாருங்கள். நம் ஆபீஸ் பிரமோஷனுக்கு மேனேஜர் கையெழுத்துக்குப் பதில் கஸ்டமர் கையெழுத்து வேண்டும் என்று வைத்தால், நம்மில் எத்தனை பேர் தேறுவோம்? நான் இன்னும் அப்ரென்டிஸாகத்தான் இருப்பேன்.

பாடமும் ஊரை ஒட்டியே. லெய்ட்டே வயல்களில் ஒரு பொல்லாத புழு உண்டு. நத்தையில் வளர்ந்து, சேற்றில் இறங்குபவரின் தோல் வழியாக உள்ளே புகுந்து, மெல்ல ஈரலைக் கெடுக்கும். மணிலா மாணவருக்கு அது புத்தகத்தில் ஒரு படம். இவர்களுக்கு அது சொந்தத் தாத்தாவின் வீங்கிய வயிறு.

* * *

குறை இல்லையா? இருக்கிறது. நேராக மருத்துவக் கல்லூரிக்குப் போவதைவிட இதில் ரொம்ப வருஷம் பிடிக்கும். முதல் படியில் கால் வைத்தவர்களில் உச்சிக்குப் போய் டாக்டர் ஆகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால், நடுவில் நின்றவர்கள் ஃபெயிலானவர்கள் இல்லை. நின்ற படியிலேயே லைசென்ஸ், வேலை எல்லாம் உண்டு. ஒரு கிராமத்துக்கு முதலில் தேவை நடுராத்திரியில் பிரசவம் பார்க்க ஓர் ஆள். டாக்டர் அப்புறம்தான்.

பலன் என்ன? அந்தப் பள்ளியில் படித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நாட்டை விட்டுப் போகவில்லை என்கிறது கணக்கு. ப்ளேன் டிக்கெட்டையே பட்டமாக நினைக்கிற ஒரு நாட்டில்! ஜப்பானில் 1972-ல் தொடங்கிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகமும் மாவட்டவாரியாக ஆளெடுத்து, ஒன்பது வருஷம் சொந்தப் பகுதியில் வேலை பார்த்தால் ஃபீஸ் தள்ளுபடி என்றது. அங்கேயும் சூத்திரம் ஒன்றுதான். ஊரிலிருந்து எடு, ஊருக்கே கொடு.

2013 நவம்பர் 8-ம் தேதி ஹையான் புயல் லெய்ட்டேயைத் துவைத்துப் போட்டது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். பலோ ஊரில் இருந்த பள்ளி வளாகமும் தப்பவில்லை. அதற்குள் பாலெர், கொரொனடால் என்ற இரண்டு ஊர்களில் கிளை தொடங்கியிருந்தார்கள். புயல் கட்டிடத்தைத்தான் பிடுங்கியது, ஏணியைப் பிடுங்க முடியவில்லை.

* * *

போன வருஷம் லீவில் மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிராமத்துக்குப் போயிருந்தேன். துணை சுகாதார நிலையத்தில் நர்ஸக்கா. அரசாங்கப் பெயர் கிராம சுகாதார செவிலியர். இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பக்கம்தான். எந்த வீட்டில் சுகர், எந்த வீட்டுப் பெண்ணுக்கு ரத்தம் குறைவு, எந்தக் கிழவர் மாத்திரையை முழுங்காமல் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறார், எல்லாம் அவருக்கு மனப்பாடம். என் தங்கைக்கு ஏழாம் மாதம் கால் வீங்கியதைப் பார்த்து, பிரஷர் எடுத்து, அன்றைக்கே ஜி.எச்சுக்கு ஏற்றி அனுப்பியது அவர்தான். இப்போது அந்தக் குழந்தை யு.கே.ஜி. படிக்கிறது.

அக்காவுக்கும் பதவி உயர்வு உண்டு. மேற்பார்வை பார்க்கிற செவிலியர் ஆகலாம். டாக்டர் ஆக வேண்டுமென்றால்? இருபது வருஷ அனுபவத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, பிளஸ் டூ பையன்களோடு உட்கார்ந்து நீட் எழுத வேண்டும்.

அவரிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் பேக்கை அடுக்கிக்கொண்டே கேட்டார். முடித்ததும் பெட்டியை மூடினார். ஸ்கூட்டியில் வைத்துக் கட்டினார். கிளம்புவார் என்று பார்த்தால், ஸ்டார்ட் பண்ணாமல் திரும்பினார்.

"அந்தப் பள்ளிக்கூடத்துல சேர்றதுக்கு வயசு வரம்பு ஏதும் இருக்கா தம்பி?"