நூற்றுக்கு நாற்பதா, மூன்றா?

சம்பள உயர்வு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், "நூற்றுக்கு எத்தனை வீதம்?" என்ற வினாவே முன்னிற்கும். அதற்கு முன்னர் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு: எந்தத் தொகையின் வீதம்?

கணக்கு எளிது. புதிய சம்பளத்திலிருந்து பழைய சம்பளத்தைக் கழித்து, வரும் மிகுதியைப் பழைய சம்பளத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் உயர்வு வீதம் கிடைக்கும். வகுக்கும் எண் மாறினால் விடையும் மாறிவிடும்.

இலங்கைப் பெருந்தோட்டத் தொழிலாளரின் 2019ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தம் இதற்குத் தக்க சான்று. அதன்படி, நாளொன்றுக்கான அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவிலிருந்து 700 ரூபாவாயிற்று. மிகுதியான 200ஐ 500ஆல் வகுத்தால் நூற்றுக்கு 40 வீதம் வரும். கேட்பதற்கு இனிய எண்தான்.

ஆயின், அதற்கு முன்னர் 2016ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, அடிப்படைச் சம்பளத்தோடு வரவுக்கு 60 ரூபாவும், உற்பத்தித்திறனுக்கு 140 ரூபாவும், விலைப் பங்காக 30 ரூபாவும் உண்டு. மொத்தம் 730 ரூபா. 2019இல் முதலிரண்டு கொடுப்பனவுகளும் நீக்கப்பட்டன. விலைப் பங்கு 50 ரூபாவாயிற்று. மொத்தம் 750 ரூபா. முன்பு எல்லாக் கொடுப்பனவுகளையும் பெற்றவருக்கு மிகுதியாகக் கிடைத்தது 20 ரூபாவே. அது நூற்றுக்கு 3 வீதத்துக்கும் குறைவு.

மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். நீக்கப்பட்ட இரண்டையும் முன்பு பெறாதவர் 530 ரூபாவிலிருந்து 750 ரூபாவுக்கு உயர்ந்தார். அவருக்கு 41 வீதத்துக்கு மேல். அன்றியும், சேமலாப நிதிக்கும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குமாக அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 15 வீதத்தைத் தொழில் வழங்குநர் செலுத்துவதால், அத்தொகை 75 ரூபாவிலிருந்து 105 ரூபாவாயிற்று. அது அன்றாடம் கைக்கு வருவதன்று, பிற்காலத்துக்கு உதவுவது. ஓர் ஒப்பந்தமே ஒருவருக்கு 3 வீதமாகவும் மற்றொருவருக்கு 41 வீதமாகவும் அமைந்தமை இவ்வாறேயாம்.

இனி, உயர்வு நியாயமானதா என்பதை அளக்க விலைவாசியே முதற் கோல். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2022இலும் அத்தொகை மாறவில்லை. ஆனால், 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 69.8 வீதம் ஏறியிருந்தது. அந்தக் கணக்கின்படி, முன்பு 1,000 ரூபாவுக்கு வாங்கிய பொருள்களுக்கு 1,698 ரூபா தேவை. வேறு விதமாகக் கூறின், தொழிலாளியின் 1,000 ரூபா முந்திய ஆண்டின் ஏறத்தாழ 589 ரூபாவுக்கே சமமாயிற்று. இந்நிலையில் 69.8 வீத உயர்வு கோருதல் புதிய வசதியைக் கேட்பதன்று. இழந்ததை மீளக் கேட்பதேயாகும். அதற்கு மேல் கோருவோர், விளைச்சலின் பெருக்கத்தையோ வேலையின் கடுமையையோ காரணமாகக் காட்டுதல் வேண்டும்.

ஆதலால், உயர்வு கேட்பவரும் கொடுப்பவரும் மூன்று செய்திகளை வெளிப்படையாகக் கூறுதல் முறை: எத்தொகையின் வீதம், எக்காலம் முதல், அக்காலத்தில் விலைவாசி எவ்வளவு ஏறியது. பழைய சம்பளச் சிட்டையையும் புதிய சிட்டையையும் அருகருகே வைத்து, மொத்தத்தோடு மொத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் தொழிலாளி வெறும் எண்ணைக் கேட்டு மயங்கமாட்டார்.