தட்டின் நடுவில் இருக்கும் குளிர்

ஒரு பெரிய உளுந்து அப்பளத்தை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து அரை நிமிடம் ஓடவிட்டுக் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால், எண்ணெய்ச் சட்டியில் பொரிவதுபோல அது ஒரே வீச்சில் பொரியாது. முதலில் ஓரமாக ஒரு நாணய அளவுக்கு வெள்ளையாகக் கொப்புளிக்கும். பிறகு சற்றுத் தள்ளி இன்னொரு திட்டு எழும்பும். இரண்டுக்கும் நடுவே அப்பளம் பச்சையாகவே கிடக்கும். வெளியே எடுக்கும்போது ஓரிடம் கருகத் தொடங்கியிருக்கும், இன்னோரிடம் பல்லில் ஒட்டும். இந்த அடுப்பைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அந்த அப்பளத்திலேயே இருக்கிறது. இது உணவைச் சமமாகச் சூடாக்குவதில்லை. வீட்டில் இதனால் வரக்கூடிய உண்மையான தீங்குகளில் பெரும்பகுதி இந்தச் சீரின்மையிலிருந்தே வருகிறது. நாமோ ‘கதிர்வீச்சு’ என்ற சொல்லைக் கேட்டு அஞ்சிக்கொண்டிருக்கிறோம். அச்சம் தவறான இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டதால், கவனம் தேவைப்படும் இடத்தில் கவனம் இல்லாமல் போகிறது.

சமையலுக்கென்று யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளுக்காக, 1940-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் என்ற இரு இயற்பியலாளர்கள் மேம்படுத்திய மேக்னட்ரான் குழல்தான் இதன் இதயம். அந்தக் குழலின் அலைகள் உணவைச் சூடாக்கும் என்று கண்டு, அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் இருந்த பெர்சி ஸ்பென்சர் 1945-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947-ல் வந்த முதல் அடுப்பு ஆளுயரம் இருந்தது, எடை சுமார் 340 கிலோ. இன்று மேடை மூலையில் அடங்கிவிடுகிற பெட்டியிலும் வேலை அதேதான். குழலிலிருந்து வரும் அலை நொடிக்கு 245 கோடி முறை அதிர்கிறது. நீர் மூலக்கூறின் ஒரு முனையில் நேர்மின்னூட்டமும் மறுமுனையில் எதிர்மின்னூட்டமும் இருப்பதால், அலை திசை மாறும்போதெல்லாம் அதுவும் திரும்பப் பார்க்கிறது. அப்படித் திரும்பும்போது பக்கத்து மூலக்கூறுகளோடு இடிபட்டுச் சூடேறுகிறது. அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். உலோகச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து சில இடங்களில் வலுக்கின்றன, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வலுத்த இடங்களுக்கிடையே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளி. அப்பளத்தில் எழும்பிய திட்டுகள் இந்த அலைகள் வரைந்த படம்தான். சுழல்தட்டு இந்தக் குறையை ஓரளவு சரிசெய்யும். ஆனால் தட்டு எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அதன் நடுப்பகுதி நடுவிலேயேதான் இருக்கிறது. உணவு உள்ளிருந்து வெளியே வேகும் என்று பலர் நம்புவதும் சரியில்லை. அலைகள் உணவுக்குள் 2, 3 சென்டிமீட்டர் ஆழம்வரைதான் வலுவோடு செல்கின்றன. அதற்கு உள்ளே இருப்பது, வெளிச்சூடு மெல்லக் கடந்து வந்தால்தான் சூடாகும். உப்பு கூடிய உணவில் அலை நுழையும் ஆழம் இன்னும் குறையும். கெட்டிச் சாம்பார் ஓரத்தில் கொதித்துத் தெறிக்கையில் நடுவில் வெதுவெதுப்பாக மட்டும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, கதிர்வீச்சு என்ற அச்சத்துக்கு அடிப்படையே இல்லையா? சூரிய வெளிச்சமும் வானொலி அலையும் கதிர்வீச்சுதான். உடல் செல்களைச் சிதைத்துப் புற்றுநோய்க்கு வழிவிடுபவை, அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் வலிமை கொண்ட எக்ஸ் கதிர், காமா கதிர் போன்றவை. மைக்ரோவேவின் ஒரு ஆற்றல் துகளில் இருப்பது, நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் ஒரு துகளில் இருப்பதில் ஏறத்தாழ இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தங்காததுபோல, அடுப்பு நின்றதும் உணவில் அலை எதுவும் தங்குவதில்லை. கசிவு என்றால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வகுத்த வரம்பின்படி, அடுப்பின் ஆயுள் முழுவதும் அதன் மேற்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் போகக் கூடாது. தள்ளி நிற்க நிற்க அந்தச் சிறு அளவும் வேகமாகக் குறையும். கதவின் வலையில் இருக்கும் ஓட்டைகள் மில்லிமீட்டர் அளவு. 12 சென்டிமீட்டர் அலை அவற்றின் வழியே நழுவ முடியாது, வெளிச்சத்துக்கு மட்டும் வழியுண்டு. அதனால்தான் உள்ளே வேகுவதை நாம் பார்க்க முடிகிறது. ஜப்பான் 2020-க்குள் எல்லா மைக்ரோவேவ் அடுப்புகளையும் ஒழிக்கப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தி, ரஷ்ய நையாண்டித் தளம் ஒன்று கற்பனையாக எழுதியது. கசிவில் கவலைப்பட வேண்டிய சூழல் ஒன்று மட்டும் உண்டு: கதவு வளைந்திருந்தால், கீல் தளர்ந்திருந்தால், வலை கிழிந்திருந்தால், மூடும் விளிம்பில் குழம்பு காய்ந்து ஒட்டிக் கதவு சரியாகப் படியாமல் இருந்தால். அப்போது அடுப்பை நிறுத்திவிட வேண்டும். விளிம்பை ஈரத்துணியால் துடைப்பது நம் வேலை, மற்ற பழுதெல்லாம் மெக்கானிக்கின் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கி உயிரைப் பறிக்கும் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். வீட்டில் ஸ்க்ரூ டிரைவரோடு மூடியைக் கழற்றுவது, கதிரைக் காட்டிலும் பல மடங்கு ஆபத்து.

இப்போது அஞ்ச வேண்டிய இடத்துக்கு வருவோம். 2007-ல் அமெரிக்காவில், உறைநிலையில் விற்கப்பட்ட ஒரு வகை இறைச்சிப் பையை (pie) சாப்பிட்ட சுமார் 400 பேர் சால்மொனெல்லா கிருமியால் நோயுற்றார்கள். மாநிலம் மாநிலமாகப் பரவியிருந்த அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் அதைச் சூடாக்கியது மைக்ரோவேவில். மேலே ஆவி பறந்திருக்கும், ஓரம் கொதித்திருக்கும், நடுவில் கிருமி சாகும் சூடு வந்திருக்காது. கெடுதல் செய்தவை அலைகள் அல்ல, அலைகள் எட்டாத இடங்கள். உறைந்த உணவில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். பனிக்கட்டி இந்த அலையை மிகக் குறைவாகவே உறிஞ்சும், உருகிய நீர் நன்றாக உறிஞ்சும். முதலில் உருகிய ஓரம் மேலும் மேலும் சூடேறி வெந்துகொண்டிருக்க, பக்கத்தில் பனி பனியாகவே இருக்கும். டிஃப்ராஸ்ட் பொத்தான் குழலை ஓடவிட்டு நிறுத்தி, மறுபடி ஓடவிடுவது, இடையில் சூடு பரவ நேரம் கொடுப்பதற்காகத்தான். மீதமான உணவை எல்லாப் பகுதியும் 74 டிகிரி செல்சியஸ் தொடும்படி சூடாக்க வேண்டும் என்கின்றன உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில், நடுவில் கரண்டியை விட்டு எடுத்த உணவிலும் ஆவி பறக்கிறதா என்று பார்ப்பதே நமக்கிருக்கும் அளவுகோல்.

நம் வீடுகளில் இதைவிடப் பெரிய கவலை சோறு. அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும்போது சாவதில்லை. வெந்த சோறு மேடையில் ஆறிக் கிடக்கையில் அவை முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சு ஒன்றைச் சுரக்கும். அந்த நச்சு கொதிநிலையில் அழியாது. மதியம் வைத்த எலுமிச்சை சாதத்தை இரவு எத்தனை நிமிடம் சுட வைத்தாலும் அது போகாது. நம் முன்னோர் பழைய சோறு சாப்பிடவில்லையா என்று கேட்கலாம், கேள்வி நியாயமானதுதான். நீர் ஊற்றி வைத்த சோற்றில் புளிக்கச் செய்யும் பாக்டீரியாக்கள் பெருகி, அந்தப் புளிப்பு மற்றக் கிருமிகளைப் பெரும்பாலும் அடக்குகிறது. சட்டியில் உலர்ந்து கிடக்கும் சோற்றுக்கோ பிரியாணிக்கோ அந்தக் காவல் கிடையாது. அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள், சித்திரை வைகாசி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள், சோறு ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். ஒரு பாத்திரம் நிறைய அடைத்து வைத்தால் நடுவில் ஆற நேரமாகும் என்பதால், அகலமான பாத்திரத்தில் பரப்பி வைப்பது நல்லது. அங்கே தவறவிட்டதை அடுப்பு திருத்திக் கொடுக்காது.

சீரின்மைதான் குறை என்று புரிந்துவிட்டால் வழிமுறைகள் தாமாகவே வந்துவிடும். சோற்றைக் குவியலாக வைக்காமல், நடுவில் குழி விட்டு வளையமாகப் பரப்பினால், சூடு சேராத அந்த நடுவில் உணவே இருக்காது. மூடி போட்டால் ஆவி உள்ளே சுற்றிச் சமமாகப் படியும், மூடியில் மட்டும் சிறு திறப்பு வேண்டும். பாதி நேரத்தில் நிறுத்திக் கிளறுவதற்கு மாற்று எதுவும் இல்லை. முழுச் சக்தியில் இரண்டு நிமிடத்தைவிட, பாதிச் சக்தியில் நான்கு நிமிடம் கெட்டியான உணவுக்கு நல்லது. மணி அடித்த பிறகும் இரண்டு நிமிடம் உள்ளேயே விட்டால் ஓரத்துச் சூடு நடுவுக்கு நகரும். முந்திய நாள் இட்லி ரப்பராவது நீர் வெளியேறுவதால். லேசாக நீர் தெளித்து, ஈரத்துணி போர்த்தி, நான்கு இட்லிக்கு முக்கால் நிமிடம் போதும். வடை, தோசை, பஜ்ஜி விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்ளலாம். உணவைச் சுற்றியுள்ள காற்று குளிர்ந்தே இருப்பதால் மொறுமொறுப்பு வராது, அவற்றுக்குத் தோசைக்கல்தான் சரி. எண்ணெயைக் காய வைப்பதும் தாளிப்பதும் இங்கே வேண்டாம், அதன் சூட்டுக்கு இந்த அடுப்பில் கடிவாளம் இல்லை. புத்தகத்தில் போட்ட நேரம் உங்கள் வீட்டில் பொருந்தாவிட்டால் காரணம் வாட் வித்தியாசம். ஒரு லிட்டர் தண்ணீரை முழுச் சக்தியில் ஒரு நிமிடம் வைத்து, ஏறிய டிகிரியை 70-ஆல் பெருக்கினால் உணவுக்குள் உண்மையில் சேரும் வாட் கிடைக்கும். 10 டிகிரி ஏறினால் 700 வாட்.

பாத்திரத்தில் முதல் பலி எவர்சில்வர்தான். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே இருப்பது சூடாகாததோடு, விளிம்பு சுவருக்கு அருகில் இருந்தால் தீப்பொறி பறக்கும். தங்க விளிம்பு போட்ட பீங்கான், பார்சல் பொட்டலத்தில் குத்திய ஸ்டேப்ளர் பின், சில்வர் ஃபாயில் ஒட்டிய பை எல்லாம் இதே கணக்கு. மெலமைன் தட்டும் கூடாது. பிளாஸ்டிக்கில் ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்று அச்சிட்டிருந்தால், அது உருகாது, விரிசல் விடாது என்பதே அதன் முதன்மைப் பொருள். 2023-ல் நெப்ராஸ்கா-லிங்கன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், குழந்தை உணவு பிளாஸ்டிக் டப்பாக்களை மூன்று நிமிடம் மைக்ரோவேவில் வைத்தபோது, சில வகைகளில் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து 40 லட்சம் நுண் பிளாஸ்டிக் துகள்கள் வரை உதிர்ந்தன. அதைவிட நுண்ணியவை 200 கோடி வரை. உடலுக்குள் அவை என்ன செய்யும் என்பதில் முடிந்த முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் பீங்கானும் கண்ணாடியும் எல்லா வீட்டிலும் இருக்கும்போது, கடையிலிருந்து வந்த கறுப்பு டப்பாவோடு அப்படியே குருமாவை உள்ளே தள்ள வேண்டிய அவசியம் என்ன என்பதே என் கேள்வி.

காபிக்கு வெந்நீர் வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. வழவழப்பான கோப்பையில் நீர், குமிழி விடாமலே 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறி அமைதியாக நிற்கும். கரண்டியோ காபித் தூளோ பட்ட நொடியில் மொத்தமாகப் பொங்கிக் கையிலும் முகத்திலும் கொட்டும். ஒரு மரக்கரண்டியை முதலிலேயே போட்டு வைத்து, தேவைக்கு மேல் நேரம் வைக்காமல், நின்றபின் அரை நிமிடம் விட்டு எடுத்தால் போதும். முட்டையை ஓட்டோடும் வைக்கக் கூடாது, அவித்து உரித்ததையும் கூடாது. மஞ்சள் கருவுக்குள் அடைபட்ட சூடு வாயில் கடிக்கும்போது வெடிக்கலாம். குழந்தையின் பாலை இதில் சூடாக்கவே வேண்டாம். பாட்டில் கைக்கு இதமாக இருக்கும்போதே உள்ளே ஒரு திட்டு நாக்கைப் பொசுக்கும் சூட்டில் இருக்கலாம். வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்தி வைப்பதே சரி.

சத்தெல்லாம் போய்விடும் என்பது அடிக்கடி எழும் இன்னொரு மறுப்பு. வைட்டமின் சி, ஃபோலேட் போன்றவை அழிவது சூட்டாலும் நேரத்தாலும் நீராலும். காய்கறியை நிறைய நீரில் வேகவிட்டு வடித்துவிட்டால் எந்த அடுப்பிலும் இழப்புதான். இரண்டு கரண்டி நீரில் மூடி வைத்து மூன்று நிமிடத்தில் வெந்த பீன்ஸ், பெரும்பாலும் குழைய வேகவிட்டதைவிடச் சத்தோடு இருக்கும். மைக்ரோவேவிலேயே கிண்ணம் நிறைய நீர் ஊற்றினால் அந்த லாபமும் போய்விடும்.

இத்தனை கவனம் வேண்டுமென்றால் கேஸ் அடுப்பே போதாதா? நான்கு பேருக்குச் சோறு வடிக்கக் கட்டாயம் அதுவே போதும், அங்கே மைக்ரோவேவ் நேரத்தையோ காசையோ மிச்சப்படுத்தாது. ஒரு கிண்ணம் ரசத்தைச் சூடாக்க என்றால் கணக்கு மாறும். இரண்டு நிமிடத்துக்குச் சுமார் 0.04 யூனிட் மின்சாரம்தான். எரியும் சுடர் இல்லை, அணைக்க மறந்து வாயு கசிவதும் இல்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, மறதி கூடிவரும் வயதில் தனியாக இருப்பவருக்கு இது பெரிய ஆறுதல். அப்படி ஒருவர் வீட்டில் வாங்கி வைப்பவர்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாமல், எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டிலேயே இணைக்க வேண்டும். பொத்தான்களில் ‘30 விநாடி’, ‘நிறுத்து’ இரண்டில் மட்டும் வண்ண ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கைப்பிடி உள்ள பீங்கான் கிண்ணம் ஒன்றை, கால் பங்கு தண்ணீரோடு எப்போதும் அடுப்புக்குள்ளேயே வையுங்கள். வெறும் அடுப்பு தவறி ஓடினால் அலைகள் திரும்பிப் போய்க் குழலைக் கெடுக்கும், அந்தத் தண்ணீர் அதைத் தடுக்கும். ரசத்தைச் சூடாக்க வரும்போது, எவர்சில்வர் டம்ளரைத் தேடாமல் கை அந்தக் கிண்ணத்துக்கே போகும்.