தூசியும் சான்று கூறும்

யாழ்ப்பாணத்துத் தெருக்களிலே ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் இன்றும் ஓடக் காண்கின்றோம். தேய்ந்த உறுப்பைக் களைந்து வேறுறுப்பைப் பொருத்தியும், கிடையாத உறுப்பைக் கடைந்து செய்தும் கைவினைஞர் அவற்றுக்கு உயிரூட்டி வருகின்றனர். அவற்றின் பெருமை, ஓடியதனால் வந்த பெருமை. இதற்கு நேர்மாறான பெருமையுடைய கார்களும் உலகில் உள. அவை ஓடாமையால் அரியவாயின. பிறர் கைபடாமையால் விலையுயர்ந்தன. அத்தகைய ஒரு கார் கண்டெடுக்கப்படுமாயின், அது மெய்யாகவே கைபடாததுதானா என்பதை வல்லுநர் எவ்வாறு தேர்ந்து தெளிகின்றனர் என்பதையே இக்கட்டுரையில் விளக்கப் புகுகின்றோம். எடுத்துக்கொண்ட பொருள் காராயினும், செல்லும் வழி ஆராய்ச்சி வழியேயாதலின், மாணவர்க்கும் இது பயன்படும் என நம்புகின்றோம்.

அமெரிக்க நாட்டிலே, 1960ஆம் ஆண்டுகளில், நடுத்தர அளவுடைய காரிற் பெருங்காருக்குரிய இயந்திரத்தைப் பொருத்தி, இளைஞர் வாங்கத்தக்க விலையில் விற்கும் வழக்கம் பரவியது. 1964ஆம் ஆண்டுக்கெனப் பொன்ரியாக் நிறுவனம் வெளியிட்ட ஜீ.ரீ.ஓ. என்னும் கார் அவ்வழக்கிற்குக் கால்கோளிட்டது என்பர். இவ்வகையினை அந்நாட்டார் 'மசில் கார்' என அழைத்தனர். நாம் இதனைப் 'புயவலிக் கார்' என வழங்கலாம்.

அவ்வகையுள்ளும் மிக அரியது, கிறைஸ்லர் நிறுவனத்தின் டொட்ஜ் பிரிவு 1969இல் வெளியிட்ட சார்ஜர் டேட்டோனா. ஓட்டப்பந்தயத்திற் காற்றின் தடையை வெல்லுதல் வேண்டி, அதன் முகப்பிலே ஏறத்தாழ 18 அங்குலம் நீண்ட கூரிய மூக்கும், பின்புறத்திலே 23 அங்குல உயரமுள்ள இறக்கையும் அமைத்தனர். பொதுமக்களுக்கு 500 வண்டிகளேனும் விற்கப்பட்ட வகையே பந்தயத்துக்கு ஏற்கப்படும் என்பது நாஸ்கார் என்னும் பந்தயச் சபையின் அக்கால விதி. அவ்விதியை நிறைவேற்றவே ஏறத்தாழ 503 டேட்டோனாக்கள் செய்யப்பட்டன. 1970 மார்ச் 24ஆம் நாள், அலபாமா மாநிலத்துத் தலடேகா ஓடுவட்டத்தில், பந்தயத்துக்கெனச் சிறப்பாக அமைக்கப்பட்ட டேட்டோனா ஒன்று மணிக்கு 200.447 மைல் வேகத்தில் ஓடியது. நாஸ்கார் வகை வண்டியொன்று வட்டப் பாதையில் 200 மைல் வேகத்தைக் கடந்த முதற் சாதனை அதுவே. எனினும், தெருவில் ஓட்டுதற்குக் கார் தேடியவர் பலர் இவ்விசித்திர உருவை விரும்பினாரல்லர்.

அந்த 503இல் ஒன்று 2015ஆம் ஆண்டு, அதே அலபாமா மாநிலத்தின் கிளென்வூட் என்னும் சிற்றூரில் வெளிப்பட்டது. 1974இல் இரண்டாம் உரிமையாளர் கைக்கு மாறிய அவ்வண்டி, நெடுங்காலம் ஓட்டமின்றி அடைந்து கிடந்தது. அதன் மைல்மானி காட்டிய தூரம் 20,553 மைல். 2016 தை மாதத்திற் புளோரிடா மாநிலத்துக் கிசிமி நகர ஏலத்திற்கு அது வந்தபோது, அதனை எவரும் மெருகிட்டுக் கொணரவில்லை. படிந்த தூசியோடும் மங்கிய வர்ணத்தோடுமே அது நின்றது. அந்நிலையிலேயே 90,000 டொலருக்கு ஏலம் போயிற்று.

இங்கே ஒரு வினா எழுகின்றது. மைல்மானி காட்டும் எண்ணை மாத்திரம் கொண்டு, இத்தனை மைல்தான் ஓடிற்று எனத் துணிதல் கூடுமோ? கூடாது. அக்காலத்து அமெரிக்கக் கார்களின் மைல்மானியில் முழு மைலைக் காட்ட ஐந்து இலக்கங்களே இருந்தன. 99,999 மைல் கடந்ததும் அது மீண்டும் சுழியத்திற் தொடங்கும். ஆகவே 20,553 எனக் காட்டும் மானி 1,20,553 மைல் ஓடியதாகவும் இருத்தல் கூடும். அன்றியும், மானியைப் பின்னோக்கித் திருப்பி விற்கும் வஞ்சகமும் அந்நாளில் மலிந்திருந்தது. அதனை நாடு முழுவதற்கும் குற்றமாக்கிய சட்டம் 1972இலேதான் பிறந்தது. எனவே, மைல்மானி ஒரு சாட்சியேயன்றித் தீர்ப்பு அன்று. ஏனைய சாட்சிகளையும் விசாரித்தே தீர்ப்புக்கு வருதல் வேண்டும்.

முதற் சாட்சி வண்டியின் அடையாள எண். முன்கண்ணாடியினூடே தெரியும் சிறு தகட்டில் அது பொறிக்கப்பட்டிருக்கும். டேட்டோனாவின் எண் பெரும்பாலும் 'எக்ஸ் எக்ஸ் 29 எல் 9 பி' எனத் தொடங்கும். 'எக்ஸ் எக்ஸ்' என்பது சார்ஜரின் இச்சிறப்பு வகையையும், '29' இரு கதவுள்ள உடலையும், 'எல்' 440 கன அங்குல மக்னம் இயந்திரத்தையும், '9' 1969ஆம் ஆண்டையும், 'பி' ஹம்ட்ராமிக் நகரத் தொழிற்சாலையையும் குறிக்கும். 'எல்' நின்ற இடத்தில் 'ஆர்' நிற்குமாயின், அது 'ஹெமி' எனப்படும் மிக அரிய இயந்திரத்தைப் பெற்ற வண்டியாகும். அடுத்து வரும் ஆறிலக்கங்கள் வண்டியின் வரிசை எண். ஓரெழுத்து மாறின் விலையே பன்மடங்கு மாறும். ஆதலாற் பொய்த்தகடு செய்வாரும் உளர்.

அப்பொய்யை வெளிப்படுத்துவன பிற சாட்சிகள். அடையாள எண்ணின் ஒரு பகுதி இயந்திரத்திலும், வேகமாற்றுப் பெட்டியிலும், உடலின் வேறிடங்களிலும் பொறிக்கப்பட்டிருக்கும். முன்மூடியைத் திறந்தால், வர்ணம், இருக்கைத் துணி, சிறப்புறுப்புகள் ஆகியவற்றைக் குறியீடுகளாற் கூறும் மற்றொரு தகட்டைக் காணலாம். இவற்றினும் சிறந்தது, தொழிற்சாலையில் வண்டியைப் பூட்டியோர் பார்த்துச் செய்த கட்டளைத்தாள். வேலை முடிந்தபின் அத்தாள் இருக்கையின் கம்பிச் சுருள்களிடையே விடப்படுவதுண்டு. எவரும் அறியாது பல்லாண்டு கிடந்த அத்தாள், எலிக்கும் ஈரத்துக்கும் தப்பியிருப்பின், அது பெருநிதியே. ஏனெனில், கிறைஸ்லர் நிறுவனத்தின் காப்பகத்தில் வண்டிக்கு வண்டி எழுதிய குறிப்புகள் 1967 வரையிலான ஆண்டுகளுக்கே கிடைப்பன. 1967 முதலான போட் வண்டிகளுக்கு நிறுவனத்தின் உற்பத்திக் குறிப்புகளைக் கேட்டுப் பெறலாம். 1969இன் டொட்ஜ் வண்டிக்கோ, தன் வரலாற்றைத் தானே சுமந்து நிற்பதன்றி வேறு கதியில்லை.

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடந் தெளிந்தோர் கைக்கொண்ட விதியொன்று இங்கும் பொருந்தும். ஒரே மூலத்தைப் பார்த்தெழுதிய பத்துப் பிரதிகள் ஒத்திருப்பினும் அவை ஒரு சாட்சியே. வெவ்வேறு வழியில் வந்த இரண்டு ஒத்திருப்பின் அவையே இரு சாட்சிகள். காரிலும் அவ்வாறே. எண்களைத் திருத்தியவன் எல்லா எண்களையும் ஒத்துப்போகுமாறு திருத்தியிருத்தல் கூடும். ஆனால், தடைமிதியின் இறப்பர் எத்துணை தேய்ந்தது, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் எவ்வாறு நைந்தது, கதவுக் கீல் தளர்ந்ததா, கண்ணாடிகளிற் பொறித்த காலக்குறிகள் வண்டி பிறந்த காலத்தோடு இயைகின்றனவா என்பனவற்றையும் எண்ணெய் மாற்றிய நாளில் ஒட்டப்பட்ட சீட்டையும் ஒருங்கே பொய்யாக்குதல் அரிது. மைல்மானி இருபதினாயிரம் என்க, மிதியின் இறப்பர் நூறாயிரம் எனின், நாம் நம்பத்தக்கது இறப்பரையே.

ஆதலின், கண்டெடுத்தோர் முதலிற் செய்யத்தக்கது யாதெனின், ஒன்றும் செய்யாதிருத்தலே. கழுவுதலும் துடைத்தலும் ஆகா; சாவியைத் திருப்புதல் அறவே ஆகாது. கிடந்த இடத்திற் கிடந்தவாறே, நாற்புறமும் மேலும் கீழும் புகைப்படம் எடுத்தல் வேண்டும். அருகிற் கிடக்கும் கழன்ற உறுப்புகளையும் காகிதங்களையும் அவை கிடந்த இடத்தோடு குறித்துக்கொள்ளல் வேண்டும். உரிமையாளர், அயலவர் வாய்மொழியை அவர் உள்ளபோதே எழுதிப் பத்திரங்களோடு ஒப்பிடல் வேண்டும். அதன்பின்னரே கெட்டுப்போன பெற்றோலை வடித்து, இயந்திர உருளைகளிற் சிறிது எண்ணெய் விட்டு, கையால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பர். தொழிற்சாலைப் பரிசோதகர் மெழுகுக்கோலால் இட்ட அடையாளமும், வர்ணம் தெறித்த பாங்கும் அத்தூசியின் கீழேயே இருக்கும். ஒரு வாளி நீரும் ஒரு துணியும் அவற்றை ஒரு நாழிகையில் அழித்துவிடும். அழிந்த பின் அவற்றை மீட்பார் ஒருவருமில்லர்.

ஓடாமை ஒன்றே காப்பாகாது என்பதற்கும் ஒரு சான்றுண்டு. ஒக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரத்தார், 1957 ஜூன் 15ஆம் நாள், புத்தம்புதிய பிளிமத் பெல்வடியர் ஒன்றைக் கொங்கிறீற் அறையிலிட்டு நிலத்துட் புதைத்தனர். ஐம்பது ஆண்டு கழித்து, 2007 ஜூன் 15இல் அதனைத் தோண்டி எடுத்தபோது, அறையுள் நீர் புகுந்து, கார் துருப்பிடித்த கூடாகவே வெளிவந்தது. ஓடிய மைலோ மிகச் சில. எஞ்சிய உறுதியோ அதனினும் சில. கிளென்வூட் வண்டி அந்நிலையை அடையாதது நற்பேறே.

இனி, இத்தகைய வண்டியைப் புதுக்குவதா, உள்ளவாறே விடுவதா என்னும் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. துரு உடலைத் தின்னும் நிலையிற் புதுக்காதிருத்தல் பேதைமை. ஆயின், உறுதி குன்றாத ஒன்றை அழகு கருதிப் புதுக்குதல், ஏட்டைச் சுரண்டிவிட்டுப் புதிய எழுத்தாணியால் எழுதுவது போல்வதாம். எத்தனை முறையும் புதுக்கலாம். முதன்மையோ ஒருமுறைக்கே உரியது. புதுக்கத்தான் வேண்டுமெனின், கண்டவற்றையெல்லாம் பதிவுசெய்த பின்னரே புதுக்குக என்பது எம் துணிபு.

இவ்விழா ஆண்டிலே பழைய மாணவர் தம் பெட்டகங்களையும் கல்லூரியார் தம் அலுமாரிகளையும் திறந்து பார்ப்பர். மங்கிய புகைப்படத்தின் பின்புறத்திலே பென்சிலால் எழுதிய பெயர்களும், பழைய வரவுப் பதிவேட்டின் ஓரக்குறிப்புகளும் கண்ணிற் படும். அவற்றைச் சட்டமிடுமுன்னும், கட்டுப்புத்தகமாக்குமுன்னும், உள்ளவாறே படமெடுத்து, யார் யாரிடமிருந்து, எந்நாள் கிடைத்தன என ஒரு வரி எழுதி வையுங்கள். நூற்றாண்டு கழித்து இக்கல்லூரியின் வரலாற்றை எழுதப்போகும் மாணவனுக்கு அவ்வொரு வரியே சான்றாய் நிற்கும்.