மூச்சு நின்ற பின் நம் கையில் உள்ள நிமிடங்கள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த கோடை அது. கல்வராயன் மலையில் எங்கள் ஊரை ஒட்டி ஓடும் ஓடையில் ஒரு மடு உண்டு. அதில் குளிக்கப் போன என் பெரியப்பாவின் பேரன், ஆறு வயதுச் சிறுவன், மூழ்கிவிட்டான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து அவனைத் தூக்கிக் கரையில் போட்டார்கள். ஒருவர் அவன் கால்களைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றினார். இன்னொருவர் வயிற்றை அமுக்கினார். என் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ படிச்ச புள்ளையாச்சே கண்ணு, என்ன பண்ணணும்னு சொல்லு" என்று கதறினார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். நியூட்டனின் மூன்று விதிகளும் எனக்குத் தெரியும். இதயத்தின் நான்கு அறைகளைப் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் நின்றுபோன இதயத்திற்கு என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. வாயடைத்து நின்றேன். சிறுவன் கண் திறக்கவில்லை.

பெரியம்மா கேட்ட கேள்விக்கான விடையைக் கல்லூரியில் சேர்ந்த பிறகு, நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நடந்த முதலுதவிப் பயிற்சியில்தான் அறிந்தேன். அதை என்னோடு வைத்துக்கொள்வது முறையன்று என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நிமிடங்களின் கணக்கு

நம் உடலில் பிராணவாயுவைச் சேமித்து வைத்துக்கொள்ளத் தெரியாத உறுப்பு மூளை. இரத்த ஓட்டம் நின்ற நான்கு நிமிடங்களுக்குள் அதன் உயிரணுக்கள் பழுதடையத் தொடங்குகின்றன. திடீரென இதயம் நின்றவருக்கு ஒன்றும் செய்யாமல் இருந்தால், கழியும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைந்துவிடுகிறது.

நம் பகுதியில் வசதிகள் வளர்ந்திருப்பது உண்மைதான். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. 2022-இல் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் கச்சிராயபாளையத்தைத் தாண்டி, மலைப்பாதை வளைவுகளில் ஏறி, தார்ச்சாலை முடியும் இடத்தையும் கடந்து ஒரு வண்டி எங்கள் ஊருக்கு நான்கு நிமிடத்தில் வந்துவிட முடியுமா? மலையில் மட்டும் என்ன, கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவிலேயே முடியாது. ஆகவே முதல் நிமிடங்கள் மருத்துவருடையவை அல்ல. அருகில் நிற்கும் நம்முடையவை.

கைகள் செய்யும் வேலை

இந்த முறைக்கு இதய நுரையீரல் உயிர்மீட்பு என்று பெயர். சுருக்கமாக சி.பி.ஆர். என்பார்கள். இன்றுள்ள வடிவில் இது உருவானது அமெரிக்காவின் பால்டிமோர் நகரில். அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கௌவன்ஹோவன் என்ற மின்பொறியியல் பேராசிரியர், நின்ற இதயத்தை மின்னதிர்வால் இயக்கும் கருவியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய மாணவர் நிக்கர்பாக்கர், கருவியின் கனத்த தட்டுகளை நாயின் மார்பில் அழுத்தியபோது, மின்சாரம் பாயும் முன்னரே இரத்த அழுத்தம் சற்று உயர்வதைக் கவனித்தார். அறுவை மருத்துவர் ஜூட் என்பவரும் சேர்ந்துகொள்ள, மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே இரத்தத்தை ஓடச் செய்யலாம் என்று மூவரும் 1960-இல் அறிவித்தனர். அதே நகரில் பீட்டர் சேஃபர் என்னும் மருத்துவர், நாம் வெளிவிடும் மூச்சிலும் நூற்றுக்கு 16 பங்கு அளவில் பிராணவாயு இருப்பதால், அதுவே இன்னொருவரின் உயிரைக் காக்கப் போதும் என்று காட்டியிருந்தார்.

நம் ஊர் அடிபம்பை நினைத்துக்கொண்டால் இதன் தத்துவம் எளிதில் விளங்கும். கைப்பிடியை அழுத்தினால் மட்டும் போதாது. முழுவதும் மேலே விட்டால்தான் உள்ளே தண்ணீர் ஏறும். மார்பும் அப்படியே. அழுத்தும்போது இரத்தம் மூளைக்குச் செல்கிறது. முழுவதுமாக எழும்ப விடும்போது இதயத்தில் மீண்டும் இரத்தம் நிரம்புகிறது. வாஷர் தேய்ந்த பம்பில் இடையில் நிறுத்தினால், ஏறிய தண்ணீர் இறங்கிவிடும், மறுபடியும் பலமுறை அடிக்க வேண்டும் அல்லவா? அதுபோலவே இங்கும் இடையில் நிறுத்தக்கூடாது.

பெரியவர்களுக்கு

முதலில் இடம் ஆபத்தற்றதா என்று பார்க்க வேண்டும். மோட்டார் கொட்டகையில் மின்சாரம் தாக்கி விழுந்தவரை, மின் இணைப்பைத் துண்டிக்கும் முன் தொடவே கூடாது. பிறகு தோள்களைத் தட்டி உரக்கக் கூப்பிட வேண்டும். அசைவில்லை என்றால் மூச்சு வருகிறதா என்று பத்து விநாடிக்கு மேற்படாமல் கவனிக்க வேண்டும். மீன் வாய் திறப்பதுபோல் எப்போதாவது வரும் திணறல் மூச்சு ஆகாது. நினைவில்லாமல் ஒழுங்காக மூச்சு மட்டும் விடுபவரை ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, 108-ஐ அழைத்துவிட்டு, கூடவே இருந்து கவனித்தால் போதும்.

மூச்சில்லை என்றால் உடனே 108-ஐ அழைக்கச் சொல்லி, நாம் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். தனியாக இருந்தால் கைபேசியில் ஒலிபெருக்கியைப் போட்டுத் தரையில் வைத்துக்கொள்ளலாம். அவரைக் கெட்டியான தரையில் மல்லாத்தி, பக்கத்தில் முழந்தாளிட்டு, ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை நடுமார்பில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஊன்றி, அதன்மேல் மறு கையைக் கோத்துக்கொள்ள வேண்டும். முழங்கை மடங்கக்கூடாது. உடல் எடை இறங்கும்படி 5 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும். 6 செ.மீ.-க்கு மேல் வேண்டாம். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, அதாவது விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு.

பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு கொடுக்க வேண்டும். நெற்றியைப் பின்னால் சாய்த்து, முகவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து ஒரு விநாடி ஊத வேண்டும். மார்பு எழும்பினால் போதும். பயிற்சி இல்லாதவர்கள் மூச்சு கொடுக்கத் தயங்கி நிற்க வேண்டாம். திடீரென விழுந்த பெரியவருக்கு மார்பை மட்டும் இடைவிடாது அழுத்தினாலே பயன் உண்டு. இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017-இல் பொதுமக்களுக்காக வெளியிட்ட நெறிமுறையும் அதையே சொல்கிறது. அழுத்துபவர் விரைவில் களைத்துவிடுவார். ஆகையால் இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும்.

சிறுவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும்

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இதயம் முதலில் நிற்கிறது. குழந்தைகளுக்கோ பெரும்பாலும் மூச்சு முதலில் நின்று, அதன் பின்னரே இதயம் நிற்கிறது. எனவே குழந்தைகளுக்கு மூச்சு கொடுப்பது மிக இன்றியமையாதது. கைபேசி இல்லாமல் தனியாக இருந்தால், இரண்டு நிமிடம் சிகிச்சை செய்துவிட்டுத்தான் உதவி தேடி ஓட வேண்டும்.

ஒரு வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களுக்கு ஒரு கையாலோ இரு கைகளாலோ மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 5 செ.மீ., அழுத்த வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையாயின் தோளுக்குப் பதில் உள்ளங்காலைத் தட்டிப் பார்க்க வேண்டும். தலையை மிகவும் சாய்க்காமல் நேராக வைத்து, குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து நம் வாயால் மூடி, கன்னத்தில் அடங்கும் அளவு காற்றை மட்டும் மெல்ல ஊத வேண்டும். இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து, இரு கட்டைவிரல்களால் 4 செ.மீ. அளவு அழுத்த வேண்டும். அப்படிப் பிடிக்க முடியாவிட்டால் ஒரு கையின் அடிப்பகுதியால் அழுத்தலாம். இரண்டு விரல் நுனிகளால் அழுத்தும் பழைய முறை ஆழம் போதாததால் இப்போது கைவிடப்பட்டுவிட்டது. தனியாகச் செய்பவருக்கு இங்கும் 30-க்கு 2 என்பதே கணக்கு.

நீரில் மூழ்கியவர்களுக்கு

ஏரி, கிணறு, அணை, அருவி என்று நீரோடு வாழும் மாவட்டம் நம்முடையது. இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் காட்டுகின்றன. நீந்தத் தெரியாதவர் காப்பாற்றக் குதித்தால் இருவர் போவார்கள். கயிறு, கழி, புடைவை, காலிப் பிளாஸ்டிக் குடம் இவற்றில் எது கிடைத்தாலும் கரையிலிருந்தே எறிய வேண்டும்.

வெளியே எடுத்ததும் தலைகீழாகச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவதும் தவறு. வயிற்றில் உள்ள தண்ணீர் அவரைக் கொல்வதில்லை. பிராணவாயு இல்லாமையே கொல்கிறது. வயிற்றை அமுக்கினால் உள்ளிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும். பொன்னான நிமிடங்களும் வீணாகும். மூச்சில்லை என்றால் முதலில் 2 மூச்சு கொடுத்துவிட்டு, பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடர வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

தயக்கம் ஏன்?

விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம். முறியலாம். முறிந்த எலும்பு கூடும், போன உயிர் திரும்பாது. போலீசு வழக்கு என்று அலைய வேண்டியிருக்குமோ என்றும் அஞ்சுகிறோம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாக்கிறது.

இன்னொன்று. படித்தால் மட்டும் இது கைக்கு வராது. பயிற்சிப் பொம்மையின்மேல் அழுத்திப் பழக வேண்டும். 1960-இல் அப்பொம்மையைச் செய்தவர் நார்வே நாட்டுப் பொம்மை வியாபாரி லேர்டால். அவரே ஒருமுறை நீரில் மூழ்கிய தம் சிறு மகனைக் காப்பாற்றியவர் என்று அறிந்தபோது, நான் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்த முறை தெரிந்திருந்தால் எங்கள் சிறுவன் பிழைத்திருப்பான் என்று உறுதியாகக் கூற முடியாது. ஆனால் அவனுக்கு உரிய வாய்ப்பை நாங்கள் கொடுக்கவில்லை என்பது உறுதி.

சென்ற பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, சாமை உமி அடைத்த சாக்கு ஒன்றைத் திண்ணையில் கிடத்தி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பெரியவர்களும் கூடினார்கள். கடைசியில் பெரியம்மா வந்தார். ஒன்றும் பேசாமல் முழந்தாளிட்டு, முப்பது வரை எண்ணி அழுத்தினார். "சரியா கண்ணு?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம் ஆழமா, பெரியம்மா" என்றேன். மறுபடியும் அழுத்தினார்.

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். ஊரில் ஒரு துன்பம் வந்தால் எல்லோரும் நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அடுத்த பயிற்சி முகாம் நடக்கும்போது, வருகைப் பதிவுக்காக அன்று, அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காக வாருங்கள்.