சீருடை களைந்த பின் தொடரும் ஆபத்து: ஆஸ்திரேலியப் படையினரின் மனநலம்

ஆஸ்திரேலியப் படைகளில் பணியாற்றியவர்கள், பணியிலிருந்து விலகியவர்கள் என குறைந்தது 1,677 பேர் 1997 முதல் 2021 வரையிலான காலப்பகுதியில் தற்கொலையால் உயிரிழந்துள்ளனர். அதே காலத்தில் படை நடவடிக்கைகளில் கொல்லப்பட்டோரின் எண்ணிக்கையைவிட இது 20 மடங்குக்கும் அதிகம்.

இதை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையம் 2021 ஜூலையில் அமைக்கப்பட்டது. படையில் இருந்த பிள்ளைகளை இழந்த தாய்மார்களின் நீண்டகாலப் போராட்டம் அதற்கு முக்கிய காரணம்.

பணியில் இருக்கும் ஆண்களிடையே தற்கொலை விகிதம், நாட்டின் பிற ஆண்களைவிடக் குறைவு. உடல்தகுதி, நிலையான ஊதியம், சக வீரர்களின் துணை ஆகியவை அவர்களுக்கு அரணாக உள்ளன. ஆனால் படையை விட்டு விலகிய ஆண்களிடையே அந்த விகிதம் பொதுமக்களைவிட ஏறக்குறைய கால் பங்கு அதிகம். விலகிய பெண்களிடையே அது சுமார் இரு மடங்கு. உடல்நலக் காரணங்களுக்காக, விருப்பமின்றி வெளியேற்றப்பட்டவர்களே மிக அதிக ஆபத்தில் உள்ளனர்.

போர்முனையின் கொடூர நினைவுகள் மட்டும் இதற்குக் காரணமல்ல. போர்முனைக்கே செல்லாதவர்களும் உயிரிழந்தோரில் அடங்குவர். படைக்குள் நடக்கும் துன்புறுத்தல், பாலியல் வன்முறை, புகார்கள் கையாளப்படும் விதம் ஆகியவற்றையும் ஆணையம் சுட்டிக்காட்டியது. மனநல உதவி கோரினால் மருத்துவத் தகுதி குறைக்கப்பட்டு, பதவி உயர்வும் வெளிநாட்டுப் பணியும் கைநழுவும் என்ற அச்சத்தால் பலர் மௌனம் காக்கின்றனர்.

இந்த மௌனத்தின் சுமை குடும்பங்கள் மீது விழுகிறது. உறக்கமின்மை, திடீர்க் கோபம், ஒதுங்கியிருத்தல் போன்ற அறிகுறிகளை முதலில் காண்பவர்கள் வாழ்க்கைத் துணைவர்களே. அடிக்கடி இடம் மாற்றப்படுவதால் அவர்களின் வேலையும் பிள்ளைகளின் கல்வியும் பாதிக்கப்படுகின்றன. உறவினர்களின் துணையும் அருகில் இருப்பதில்லை. வியட்நாம் போர் வீரர்களுக்காக 1982 இல் தொடங்கப்பட்டு, இன்று ஓப்பன் ஆர்ம்ஸ் என்று அழைக்கப்படும் ஆலோசனைச் சேவை, குடும்பத்தினருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

ஆணையம் 2024 செப்டம்பரில் அளித்த இறுதி அறிக்கையில் 122 பரிந்துரைகள் இருந்தன. அவற்றில் 104ஐ முழுமையாகவோ கொள்கையளவிலோ ஏற்பதாக அரசு அதே ஆண்டு டிசம்பரில் அறிவித்தது.

ஆனால் பரிந்துரைகளுக்கு முன்பும் பஞ்சம் இருந்ததில்லை. இந்த ஆணையத்துக்கு முன்னர் வெளிவந்த 50க்கும் மேற்பட்ட அறிக்கைகள் 750க்கும் அதிகமான பரிந்துரைகளை முன்வைத்திருந்தன. அவற்றில் பல நடைமுறைக்கு வரவில்லை. சீர்திருத்தங்களைக் கண்காணிக்க நிரந்தரமான, சுயாதீன அமைப்பு ஒன்று வேண்டும் என்று ஆணையம் வலியுறுத்தியதற்கு அதுவே காரணம். அத்தகைய அமைப்பு 2025 இல் செயல்படத் தொடங்கியது.

படைத் தலைமையையும் அரசையும் கேள்வி கேட்கும் துணிவு அந்த அமைப்புக்கு இருக்குமா என்பதைப் பொறுத்தே, பிள்ளைகளை இழந்த குடும்பங்களின் போராட்டத்துக்குப் பலன் கிட்டும்.