உயிர் போன பிறகா சந்திப்பைச் சரிசெய்வது?

பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாகக் குன்றத்தூர் செல்லும் சாலையில் பேருந்து, தண்ணீர் லாரி, ஆட்டோ, பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் நெருக்கியடித்து ஓடுகின்றன. பக்கத்துத் தெருக்கள் இந்தச் சாலையைத் தொடும் இடங்களில் எது அதிக ஆபத்தானது? எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?

இதற்கு ஒரு கணக்கு உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள் நடந்திருந்தால், அல்லது 10 பேர் இறந்திருந்தால், அந்த இடம் ‘கரும்புள்ளி’ எனப்படுகிறது. விபத்து நடந்த இடத்தைக் காவல்துறையினர் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்யும் திட்டம் 2021-ல் முதலில் 6 மாநிலங்களில் தொடங்கியது. அதில் தமிழகமும் ஒன்று.

எண்ணிக்கை மட்டும் பார்த்தால் போதாது. ஓரிடத்தில் 10 சிறு உரசல்கள், இன்னோரிடத்தில் 2 மரணங்கள் என்றால் முன்னுரிமை இரண்டாவதற்கே. அடுத்து, காரணத்தைப் பார்க்க வேண்டும். நான்கு சாலைகள் கூடும் சந்திப்பில் வாகனங்களின் பாதைகள் ஒன்றோடொன்று முட்டும் புள்ளிகள் 32. மூன்று சாலைச் சந்திப்பில் 9 மட்டுமே. வேகம் 30 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. எனவே வேகத்தடை, நடுத்திட்டு, விளக்கு, பார்வையை மறைக்கும் பலகைகளை அகற்றுதல் போன்ற செலவு குறைந்த வேலைகளே பல உயிர்களைக் காக்கும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு குறை இருக்கிறது. பலர் அடிபட்ட பிறகுதான் ஓர் இடம் பட்டியலுக்கு வரும். அன்றாடம் மயிரிழையில் தப்புவதும், புகார் இன்றிச் சமாதானமாக முடிவதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் அங்கேயே வசிக்கும் நாம்தான். ஒரு வாரம், குறிப்பிட்ட நேரத்தில், ஒரு சந்திப்பில் நடப்பதைத் தேதியுடன் குறித்து, படங்களுடன் மாநகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் போக்குவரத்துக் காவல்துறைக்கும் மனுவாகக் கொடுக்கலாம். பகுதி சபைக் கூட்டத்திலும் எழுப்பலாம். 2022 நவம்பர் 1-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்ட பகுதி சபை, பம்மல் 6-வது வார்டில்தான் நடந்தது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் விதிகளைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பானவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது தர்மம் என்று அறிந்தவர்கள் நாம். கல்லும் முள்ளும் மட்டுமல்ல, மறைந்து நிற்கும் ஒரு திருப்பமும் இடையூறுதான்.